பழைய மலை சைக்கிள்: பழுது பார்க்கலாம்; வேடம் போட வேண்டாம்

('பழைய மலை சைக்கிளை மேம்படுத்துவதா, புதிது வாங்குவதா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்து மேடையில் பினாங்கு, சுங்கை பினாங்கிலிருந்து வந்து கலந்துகொண்ட ஒருவரின் உரை.)



முதலில் பேசிய நண்பர், 'பழைய சைக்கிளைத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல பாகங்களைப் போட்டால் அது புதிதுக்குச் சமம்' என்றார். கை தட்டினீர்கள். அடுத்துப் பேசிய சகோதரி, 'பழையதைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், புதிது வாங்குங்கள்' என்றார். அதற்கும் கை தட்டினீர்கள். நானும் இருவருக்கும் தட்டினேன். ஏன் தெரியுமா? இருபது வருஷமாகத் தூக்கிப் போடாமல் ஓட்டும் மனிதர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கட்டிக்கொண்டு அழுத மனிதர் என் வீட்டில் இருக்கிறார். அந்த இரண்டாவது ஆள் நான்தான்!

ஆகவே, நடுவர் அவர்களே, நான் இரண்டு அணிக்கும் நடுவே நின்று ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். பழைய சைக்கிளைப் பழுது பார்ப்பது வேறு. அதை இன்னொரு சைக்கிளாக மாற்றப் பார்ப்பது வேறு. முதலாவது சிக்கனம். இரண்டாவது பல நேரங்களில் வீண் செலவு. சில நேரங்களில் ஆபத்து. இந்த இரண்டையும் நாம் 'மேம்படுத்துவது' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

என் வீட்டுக் கதை

நான் இருப்பது ஜோர்ஜ்டவுன் சுங்கை பினாங்கில். எங்கள் பக்கம் சமதரை. துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையை ஒட்டிக் கடற்கரையோரமாகச் சைக்கிள் ஓட்டலாம். 2004-இல், 800 ரிங்கிட் கொடுத்து ஒரு மலை சைக்கிள் வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், முன்னே 3 பல்சக்கரம், பின்னே 8, ஆக 24 கியர். ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். முன்பக்க ஃபோர்க் 80 மில்லிமீட்டர் அமுங்கும். அந்தக் காலத்தில் எங்கள் தாமானில் அது ராஜா வண்டி!

பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில்தான் கடற்கரைக்குப் போனேன். என் மகன் நடை பழகாத வயதில் அதன் முன்னால் சின்ன சீட்டு கட்டி உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். பிறகு வேலை, ஓவர்டைம், குடும்பம் என்று சைக்கிள் வாசல் ஓரத்தில் நின்றுவிட்டது. 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப் போட்ட புயல் மழையில் வாசலுக்குத் தண்ணீர் வந்தது. சைக்கிள் பாதி மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் குழாயை வைத்துக் கழுவி மறுபடி நிறுத்தினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

2022-இல் மகனுக்குப் 16 வயது. நண்பர்கள் பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலையேறிப் பாலிக் பூலாவில் இறங்குகிறார்கள். நடுவில் காட்டுப் பாதையிலும் ஓட்டுகிறார்கள். இவனுக்கும் ஆசை. "அப்பா, இந்த சைக்கிளுக்கே டிஸ்க் பிரேக்கும் நல்ல ஃபோர்க்கும் போட்டுக் கொடுங்கப்பா, எனக்குப் புதுசு வேண்டாம்" என்றான். பாருங்கள், எவ்வளவு நல்ல பிள்ளை! எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. நான் ஓட்டிய வண்டியை என் மகன் ஓட்டப் போகிறான்.

சுண்டைக்காய் கால் பணம்

ஃபோர்க்கில் தொடங்கினோம். இன்று கடையில் இருக்கும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் 29 அங்குலச் சக்கரத்துக்கும் 27.5 அங்குலச் சக்கரத்துக்கும் செய்யப்பட்டவை. அவற்றின் கழுத்துக்குழாய் மேலே ஒல்லியாகவும் கீழே ஒன்றரை அங்குலத்துக்குப் பருத்தும் இருக்கும். என் வண்டியின் கழுத்தோ மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. நுழையாது. தேடித் தேடி, யாரோ ஓட்டிக் கழற்றிய 26 அங்குல ஃபோர்க் ஒன்று 350 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. 120 மில்லிமீட்டர் அமுங்கும். '80-ஐ விட 120 பெரிது, பெரிதென்றால் நல்லது' என்பது என் கணக்கு.

ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இருக்கிறது. ஆனால் டிஸ்க் தகட்டைத் தாங்கும் ஹப் என் பழைய முன்சக்கரத்தில் இல்லை. ஆகவே முன்சக்கரம் புதிது. அதோடு பிரேக், 320 ரிங்கிட். பின்னால் ஃபிரேமிலேயே டிஸ்க் பிரேக்குக்கு இடம் இல்லை. அங்கே பழைய வி-பிரேக்தான். முன்னே இந்தக் காலம், பின்னே அந்தக் காலம்!

பிறகு கியர். மலையேற முன்னே ஒரே பல்சக்கரம், பின்னே பெரிய பல்சக்கரம் வேண்டும் என்றான். பின்பக்கம் 10 பல்சக்கரக் கூட்டம் என் பழைய ஹப்பில் உட்காரும். ஆனால் அது வந்தால் செயின் மாற வேண்டும், கியர் மாற்றும் கை மாற வேண்டும், கியரைத் தள்ளும் கை மாற வேண்டும், முன் பல்சக்கரமும் மாற வேண்டும். 480 ரிங்கிட். டயர் இரண்டு 140. அகல ஹேண்டிலும் அதன் கழுத்தும் 110. கூலி 100.

கூட்டிப் பாருங்கள். 1,500 ரிங்கிட்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இதை ஒரே நாளில் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் ஓடியே போயிருப்பேன். எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் 'இதுதான் கடைசி' என்றே நினைத்தேன்.

ஒரு மயிரிழைக் கோடு

ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் மலைக்குப் போவதாகத் திட்டம். மகன் வாசலில் வண்டியைக் கழுவிக் கொண்டிருந்தான். நான் துணியால் துடைத்தேன். ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்தும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கின் அடியில் ஒரு மயிரிழை. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே மாட்டியது.

அன்றே ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் தள்ளிக்கொண்டு போனேன். எழுபது வயதுச் சீனப் பெரியவர். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முன் டயரில் காற்றைத் திறந்து விட்டார். மகன் அதில் ஏறி வீட்டுக்கு ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக! பிறகு மலாயில் சொன்னார்: "சாயாங், தம்பி."

'சாயாங்' என்ற மலாய்ச் சொல்லை நாம் எல்லாரும் அறிவோம். அன்பு என்றும் பொருள். வீணாகப் போயிற்றே என்ற வருத்தமும் பொருள். என் நிலைமைக்கு இரண்டு பொருளும் பொருந்தியது.

"ஏன் அங்கிள் விட்டது?" என்று கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அலுமினியம் ஒவ்வொரு குலுங்கலையும் கணக்கு வைத்துக்கொள்ளும் உலோகம். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் குலுங்கினால் நெடுங்காலம் தாங்கும். அலுமினியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சிறிய சுமையானாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் ஒருநாள் களைத்துவிடும். வயது பதினெட்டு தாண்டிய ஃபிரேம் அது. அதன்மேல் நான் நீளமான ஃபோர்க்கை மாட்டினேன். கடப்பாரை நீளமானால் நெம்பும் விசை கூடும் அல்லவா? முன்சக்கரம் வேரில் மோதும்போது ஃபோர்க் கடப்பாரை மாதிரி கழுத்தை நெம்புகிறது. 80-க்குச் செய்த கழுத்தை 120-ஆல் நெம்பினேன்.

"வெல்டிங் வைக்கலாமா?" என்று கேட்டேன். அலுமினிய ஃபிரேமை வெல்டிங் செய்தால், அந்தச் சூடு பட்ட இடம் வலுவிழந்து போகும். முழு ஃபிரேமையும் முறைப்படி மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் வலு திரும்பும். தெருவோரப் பட்டறையில் நடக்கிற காரியம் இல்லை.

நடுவர் அவர்களே, அந்த வண்டி மறுநாள் மலையிலிருந்து இறங்கும்போது கழுத்து முறிந்திருந்தால்? நான் 1,500 ரிங்கிட்டைப் பற்றிப் பேச இங்கே வந்திருக்க மாட்டேன். குற்றம் எந்தக் கடைக்காரருடையதும் அல்ல. செலவு செய்யும் முன் ஃபிரேமைத் துடைத்துப் பார்க்காத என் குற்றம். எட்டு மாதமாகப் புது நகை போட்டு அழகு பார்த்தேன். போட்டுக்கொள்ளும் கழுத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன்

இப்போது 'அப்படியானால் எல்லாப் பழைய சைக்கிளையும் எடைக்குப் போடு' என்று அந்த அணி மகிழ்ந்துவிடக் கூடாது. என் பக்கத்து வீட்டு அண்ணனிடம் என்னுடையதைவிடப் பழைய மலை சைக்கிள் இருக்கிறது. இரும்புக் குழாய் ஃபிரேம். 2017 வெள்ளத்தில் அதுவும்தான் மூழ்கியது. நான் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? மறுநாளே இரண்டு ஹப்பையும், பெடல் அச்சையும், கழுத்துக் குண்டுகளையும் கழற்றி, சேற்றுத் தண்ணீரைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்தார். சீட் கம்பை உருவி ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே இருந்த தண்ணீரை வடித்தார்.

அந்த வண்டியில்தான் இன்றும் தினமும் ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் போகிறார். கடைசியாக ஒருமுறை செயின், பின் பல்சக்கரம், கேபிள்கள், பிரேக் ரப்பர், மெல்லிய சாலை டயர் இரண்டும் மாற்றிச் சக்கரக் கோட்டம் எடுத்தார். எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டைச் சற்றே தாண்டியது. அவர் தன் சைக்கிளிடம் 'நீ மலையேறு' என்று கேட்கவில்லை. 'மார்க்கெட்டுக்கு வா' என்றுதான் கேட்டார். அது சந்தோஷமாக வருகிறது!

ஆக, பழையது நல்லதா புதியது நல்லதா என்று கேட்பது சரியான கேள்வியே இல்லை. இந்த வண்டியிடம் நான் என்ன வேலை கேட்கப் போகிறேன்? அந்த வேலைக்கு இது பிறந்ததா? அதுதான் கேள்வி.

பிறந்த கதையே சாட்சி

மலை சைக்கிளே பழைய சைக்கிளை மேம்படுத்தியதில் பிறந்தது என்று முதல் நண்பர் சொன்னார். உண்மைதான். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற வட்டாரம். 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் 1930-களிலும் 40-களிலும் செய்த பருத்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் வாங்கி மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976 அக்டோபர் 21-இல் அவர்களின் புகழ்பெற்ற இறக்கப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் கிரீஸ் முழுவதும் ஆவியாகிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு ஹப்பைத் திறந்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அதே பழைய ஃபிரேமில் கியர் வைத்தார்கள், நல்ல பிரேக் வைத்தார்கள். எல்லாம் மேம்படுத்தல்தான்.

பிறகு என்ன ஆனது? பழைய ஃபிரேமின் எடையும் பலவீனமும் தடையாக நின்றன. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய ஃபிரேம் ஒன்றைக் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. பழைய ஃபிரேமை மேம்படுத்துவதில் உலகத்திலேயே கைதேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களே ஒரு கட்டத்தில் 'இனி ஃபிரேமையே புதிதாகச் செய்ய வேண்டும்' என்று நிறுத்தினார்கள். நாம் எங்கே நிறுத்துவது என்பதுதான் நம் பாடம்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. எங்கள் கொடிமலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. 1977-இல் பெட்டிகளை மாற்றினார்கள். நடுவழியில் இறங்கி வேறு பெட்டியில் ஏறும் பழைய முறை மட்டும் மாறவில்லை. 2010-இல் மொத்தமாக நிறுத்தி, 2011-இல் இடையில் மாறாமல் நேராக உச்சிக்குப் போகும் புது ரயிலைக் கொண்டு வந்தார்கள். பெட்டியை மாற்றினால் பெட்டிதான் புதிதாகும். ஓடும் முறை மாற வேண்டுமென்றால் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். சைக்கிளுக்கும் அதே நியாயம்.

கடையில் கிடைக்காத பாகம்

இந்த இருபது வருஷத்தில் மலை சைக்கிளில் மாறியது பிரேக்கும் கியரும் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். இல்லை. எலும்புக்கூடே மாறிவிட்டது.

முதலில் சக்கரம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடவர் மலை சைக்கிள் தங்கத்தைச் செக் நாட்டு வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் வென்றார். வெள்ளி வென்ற சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் ஓட்டியது 27.5. அதே ஷூர்ட்டர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 29 அங்குலத்தில் தங்கம் வென்றார். பெரிய சக்கரம் வேரையும் கல்லையும் சுலபமாக ஏறிக் கடக்கும். 26 அங்குலத்துக்கு இன்றும் டயர் கிடைக்கிறது. ஆனால் மலைக்கான நல்ல டயர், நல்ல ரிம், நல்ல ஃபோர்க் என்று போனால் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை.

அடுத்து அச்சு. பழைய பின்சக்கர ஹப் 135 மில்லிமீட்டர் அகலம். இன்றைய மலை சைக்கிளில் பரவலாக இருப்பது 148 மில்லிமீட்டர். அச்சும் தடித்து, ஃபிரேமுக்குள்ளே ஊடுருவி முறுக்கும் வகை. 13 மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அந்தச் சக்கரம் இந்த ஃபிரேமில் உட்காராது. 12 பல்சக்கரக் கியருக்கு ஷிமானோ 2018-இல் வேறு வகை ஹப் உருளையைக் கொண்டு வந்தது. பழைய ஹப்பில் அது ஏறாது.

கடைசியாக, கோணம். நடுவர் அவர்களே, இதுதான் முக்கியம். பழைய மலை சைக்கிளின் கழுத்து ஏறக்குறைய 71 பாகை நிமிர்ந்து நிற்கும். இன்று காட்டுப் பாதைக்குச் செய்யும் வண்டியில் 66 பாகை ஒட்டிச் சாய்ந்திருக்கும். முன்சக்கரம் ஓட்டுபவருக்குத் தூரத்தில் தள்ளி நிற்கிறது. ஆகவே செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புறப் போகும் பயம் குறைகிறது. ஹேண்டில் வாங்கலாம், ஃபோர்க் வாங்கலாம், பிரேக் வாங்கலாம். கோணத்தை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? அது ஃபிரேமோடு பிறந்தது!

நான் கழற்றி எடுத்த பாகங்களில் புது சைக்கிளுக்கு எவை உதவின என்று கேட்கிறீர்களா? ஃபோர்க் சேரவில்லை. முன்சக்கரம் சேரவில்லை. டயர் சேரவில்லை. கியர் தேவைப்படவில்லை. சேர்ந்தவை இரண்டு: பெடலும் சீட்டும். 1,500 ரிங்கிட் செலவில் நான் வாங்கவே வாங்காத இரண்டு பொருள்கள்!

ஒரு ரிங்கிட் செலவுக்கு முன்

நேயர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய மலை சைக்கிள் நிற்கலாம். கடைக்குப் போகும் முன் நீங்களே செய்யக் கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று, ஃபிரேமைச் சுத்தமாகக் கழுவிக் காய வையுங்கள். டார்ச் வெளிச்சத்தில் ஹேண்டிலுக்குக் கீழ் உள்ள மூட்டு, பெடல் அச்சைச் சுற்றிய மூட்டு, சீட் கம்பு நுழையும் வாய், பின்சக்கரம் மாட்டும் இடம், இந்த நான்கையும் பாருங்கள். பெயின்டில் சுருக்கமோ கோடோ தெரிந்தால் நகத்தால் தடவுங்கள். சந்தேகம் வந்தால் ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். இதில் தேறாத வண்டிக்கு ஒரு மணி கூட வாங்கி மாட்டாதீர்கள்.

இரண்டு, செயினை அளங்கள். அங்குல ஸ்கேலின் பூஜ்யத்தைச் செயினின் ஓர் ஆணிக்கு நடுவே வையுங்கள். புது செயினில் 12-ஆவது அங்குலம் இன்னோர் ஆணியின் நடுவில் சரியாக விழும். அந்த ஆணி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். காலத்தில் செயினை மாற்றினால் பல்சக்கரம் பிழைக்கும். பத்து காசு செலவில்லாத சோதனை இது.

மூன்று, வி-பிரேக் வண்டியானால் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவுங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால் ரிம் மெலிந்துவிட்டது. டயர் காற்றின் அழுத்தத்திலேயே அது பிளக்கக் கூடும்.

நான்கு, தேய்கிற பொருள் எது, மாற்ற நினைக்கிற பொருள் எது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். செயின், டயர், டியூப், கேபிள், பிரேக் ரப்பர், கிரீஸ் எல்லாம் தேய்மானம். புது வண்டியிலும் இவற்றை மாற்றத்தான் போகிறீர்கள், தயங்காமல் செய்யுங்கள். ஃபோர்க், சக்கரம், டிஸ்க் பிரேக், கியர் அமைப்பு ஆகியவை மாற்றம். இந்த இரண்டாம் பட்டியலை முழுவதும் எழுதி, விலையைக் கூட்டி, அதன் பிறகே முதல் பொருளை வாங்குங்கள். அந்தத் தொகை உங்கள் தேவைக்கேற்ற புது வண்டியின் விலையில் பாதியைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். இது சட்டம் இல்லை. பட்டவன் சொல்லும் கணக்கு.

ஐந்து, புதிது வாங்கும்போதும் ஏமாறாதீர்கள். தடித்த டயரும் முன்னே பின்னே ஸ்பிரிங்கும் இருப்பதாலேயே அது மலைக்கு வந்துவிடாது. மலை சைக்கிள் போலத் தோன்றும் மலிவு வண்டிகள் சிலவற்றின் மேல் 'கரடுமுரடான பாதைக்கு அல்ல' என்று தயாரிப்பாளரே எழுதி ஒட்டியிருப்பார். அப்படிப்பட்ட புதிதைவிட, விரிசல் இல்லாத நல்ல பழைய ஃபிரேம் ஆயிரம் மடங்கு மேல். கையில் பணம் குறைவானால், இப்போதைய அளவுகளில் வந்த, இரண்டு மூன்று வருஷம் ஓடிய நல்ல வண்டியைத் தெரிந்தவரை வைத்துச் சோதித்து வாங்கலாம். அதற்குப் பாகமும் கிடைக்கும், விற்கப் போனால் விலையும் கிடைக்கும்.

நிறைவாக

என் மகனுக்கு 2,300 ரிங்கிட்டில் ஒரு புது வண்டி வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். முன்பு செலவழித்த 1,500-உடன் இன்னொரு 800 சேர்த்திருந்தால் முதல் நாளே அதை வாங்கியிருக்கலாம். 800 ரிங்கிட்! 2004-இல் பழைய சைக்கிளுக்கு நான் கொடுத்த அதே தொகை.

பழைய சைக்கிள் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றிரவு மகன் என்னிடம் கேட்டான்: "அப்பா, உங்களுக்கு வருத்தமா இருக்கா?" ஆமாம் என்றேன். "எனக்காகத்தான் அதை வச்சிருந்தீங்களா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். இல்லை, நடுவர் அவர்களே. எனக்காகத்தான் வைத்திருந்தேன். அந்த முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வயதுப் பிள்ளையை விட மனம் வராமல் வைத்திருந்தேன். அந்த ஆசையைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலைமேல் ஏற்றி மலைக்கு அனுப்பப் பார்த்தேன்.

விரிசல் விட்ட ஃபிரேமை யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று தவுக்கேயிடமே சொல்லி இரண்டாக அறுத்து எடைக்குப் போட்டேன். பின்சக்கரம் நல்ல நிலையில் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் பல்சக்கரத்தை மாற்றித் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். தினமும் காலையில் என் வாசலைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போகிறது.

ஆகவே இரு அணி நண்பர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பழைய சைக்கிள் தன் வேலையைச் செய்ய வேண்டுமா? தாராளமாகப் பழுது பாருங்கள். அது செய்யாத வேலை உங்களுக்கு வேண்டுமா? பணம் சேர்த்து அந்த வேலைக்குப் பிறந்த வண்டியை வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே நின்று பழையதற்குப் புது வேடம் மட்டும் போடாதீர்கள். எதைச் செய்தாலும், முதலில் ஒரு துணியை எடுத்து அந்தக் கழுத்தைத் துடைத்துப் பாருங்கள்.